ராணியின் பிடரிக் கற்றை

நாணயச்சாலையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ அக்கா என்றால்தான் தெரியும். காலையில் வாசல் காவலாளியிடம் ஆரம்பிக்கும் பேச்சு, பையைச் சோதிக்கிற பெண்ணிடம் தொடர்ந்து, உடை மாற்றும் அறையில் நாலு கிளையாகப் பிரிந்து, பாலிஷ் அறையின் கதவு வரைக்கும் ஓடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மூட்டு வலி எப்போது வந்தது, அவருடைய மருமகள் ஏன் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் வரும். கேட்கிறவர்களுக்கு வேலை இருக்கிறதா என்பது அவள் கவலை இல்லை. சும்மா சொல்லக்கூடாது, கேட்க அலுப்பாகவும் இருக்காது.

ஆனால் அச்சைக் கையில் எடுத்துவிட்டால் போதும், வாய்க்குப் பூட்டுப் போட்டது மாதிரி ஆகிவிடுவாள். அப்போது பக்கத்தில் கூரை இடிந்து விழுந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அச்சு என்பது ஒரு கனத்த எஃகு உருளை. அதன் முகத்தில் நாணயத்தின் உருவம் இடவலம் மாறிப் பள்ளமாக இருக்கும். பிரஸ்ஸில் வைத்து வெள்ளி வில்லை மேல் இறக்கினால் பள்ளமெல்லாம் மேடாக எழும்பிவிடும். கடைகளில் புழங்குகிற சில்லறைக்கு அந்த அச்சு அப்படியே போதும். பெட்டியில் வைத்து விற்கிற நினைவு நாணயம் என்றால் அப்படி விட முடியாது. முகம் பனி படர்ந்தது மாதிரி வெளுத்துத் தெரியவேண்டும், அதைச் சுற்றியுள்ள வெற்றிடம் பார்ப்பவரின் மூக்குத்துளை தெரிகிற அளவுக்குக் கண்ணாடியாக மின்னவேண்டும். அதற்கு, அச்சின் வெற்றிடத்தை மட்டும் வைரப் பொடிப் பசை தொட்டுத் தொட்டுத் தேய்க்கவேண்டும். லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டு, குச்சி நுனியில் ஒட்டிய கம்பளித் துண்டால், ஒரு கீறல்கூட மிச்சமில்லாமல். அக்காவின் வேலை அதுதான்.

இந்த வேலைக்கு வர அவள் பட்ட பாட்டைத் தனியாக ஒரு கதையாகச் சொல்லலாம். பாலிஷ் அறை ஆண்களின் அறை. பெண்களுக்குப் பொதி கட்டும் பிரிவு. நாணயப் பைகளைத் தூக்கி, எடை போட்டு, தைத்து, அடுக்கி, சாயங்காலம் முதுகை யாரிடமாவது இரவல் வாங்கித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். அங்கிருந்து அக்கா மனு மேல் மனு போட்டாள். பாலிஷ் அறை ஃபோர்மேன் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"இது பொறுமைசாலிங்க வேலைம்மா. உங்க வாயே ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. கை எப்படி இருக்கும்?"

"வாய் வேற, கை வேற சார். உங்களுக்கு வாய் சும்மாதான் இருக்கு, கையும் சும்மாதானே இருக்கு" என்றாள் அக்கா.

இந்தப் பதிலுக்காகவே அவளுக்கு ஒரு வருஷம் தள்ளிப்போனது என்று சொல்வார்கள். நடந்திருக்கும். ஃபோர்மேன் கெட்டவர் இல்லை, ஆனால் ரோஷக்காரர். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு பழைய அச்சைக் கொடுத்து, இதைத் தேய்த்துக் காட்டுங்கள் என்றார். அக்கா தேய்த்துக் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டார். அவ்வளவுதான் வரவேற்பு. அதில்தான் அக்கா பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள்.

அவளைப் பார்த்துத்தான், இந்த வருஷம் பொதி கட்டும் பிரிவிலிருந்து இன்னும் இரண்டு பெண்களைப் பரீட்சார்த்தமாக அனுப்பியிருந்தார்கள். ஒருத்தி நல்ல உயரம், எல்லோருக்கும் நெட்டை. இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள். முதுகெலும்புத் தட்டு விலகி, இனிமேல் மூட்டை தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொருத்திக்குக் கைராசி என்று பேர். அவள் தொட்ட எந்திரம் மக்கர் பண்ணாது. இரண்டு பேரையும் அங்கேயே வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்பதை நினைவு நாணய வேலை முடிந்ததும் ஃபோர்மேனும் மேனேஜரும் சேர்ந்து முடிவு செய்வதாக ஏற்பாடு.

அந்த நினைவு நாணயம் பழைய ராணிக்கு. அவள் பிறந்து நூறு வருஷம் ஆகிறது. இப்போது நாட்டில் சிம்மாசனம் கிடையாது, தேர்தல்தான். கடைசியாகச் சிம்மாசனத்தில் இருந்தவள் அவள். ஒரு நாள் கையெழுத்துப் போட்டு அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு, சாதாரணத் தெருவில் ஒரு மாடி வீட்டில் குடியேறி, வயதாகிச் செத்துப்போனாள். அவள் ஆண்ட காலத்து நாணயங்களில் எல்லாம் தலையில் கிரீடம் இருக்கும். இந்த முறை கிரீடம் வேண்டாம் என்று முடிவாயிற்று. பிற்காலத்தில் எடுத்த ஒரு போட்டோவைப் பார்த்து, கொண்டை போட்ட ஒரு வயதான பெண்மணியாக அவளைச் செதுக்கியிருந்தார் சிற்பி. பிளாஸ்டரில் செய்த மாதிரி உருவத்துக்கு அங்கீகாரம் கிடைத்ததும் சிற்பி கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார்.

அச்சு அக்காவிடம் வந்தது. மூன்று நாள் தேய்த்தாள். சோதனை நாணயம் அடித்துப் பார்த்தார்கள். மேனேஜர் வாயைப் பிளந்தார். ஃபோர்மேன்கூட, "ம்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. வெள்ளிக்கிழமை விழா. ராணியின் மகளே வந்து பிரஸ்ஸின் பட்டனை அமுக்கி முதல் நாணயத்தை அடிப்பதாகப் பத்திரிகைகளிலும் வந்துவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கணவரிடம் அளந்துகொண்டிருந்தாள். அவருக்குத் தையல் வேலை. முன்னறையில் மெஷின், பின்னறையில் குடும்பம். ஏதோ ஹோட்டலுக்கு ஜன்னல் திரைகள் தைத்துக்கொண்டிருந்தார். கால் மெஷினில், காது மனைவியிடம். மடித்து வைத்திருந்த திரையை அக்கா எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு பட்டு நூல் துணியைவிட்டு வெளியே வளைந்து நின்றது.

"ஏங்க, நூல் தொங்குது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஐயையோ, கையை எடு. அது பிசிர் இல்ல, டிசைன். வேணும்னே விட்டிருக்கு."

கத்தரிக்கோல் அக்காவின் கையில் அப்படியே நின்றது. பேச்சும் நின்றது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்ததால் அவர் முதலில் கவனிக்கவில்லை. வீட்டில் திடீரென்று ஏன் இவ்வளவு அமைதி என்று நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாச்சு? முகமெல்லாம் வெளுத்துப்போச்சு."

"பிடரிகிட்ட ஒரு கீறல் இருந்துச்சுங்க" என்றாள் அக்கா. "கொண்டைக்குக் கீழே, வளைஞ்சு, வெற்றிடத்துக்குள்ள ஓடுச்சு. அச்சைத் தூக்கும்போது எங்கயோ உரசிடுச்சுன்னு நினைச்சேன். தேய்ச்சு எடுத்துட்டேன். அது கீறல்தானா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அச்சில் எல்லாமே பள்ளம். முகம் ஆழமான பள்ளம், அதை யாரும் கீறல் என்று நினைக்கமாட்டார்கள். ஆனால் கொண்டையிலிருந்து நழுவிய ஒரு மெல்லிய முடிக்கற்றையைச் செதுக்கினால் அது மேலோட்டமான ஒரு கோடாகத்தான் இருக்கும். லென்ஸில் பார்த்தால் கீறலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கீறலைக் கண்டால் விடாத கை அவளுடையது. அந்தக் கைதான் வினையைத் தேடிக்கொண்டது.

மறுநாள் காலை, காவலாளிக்கு வெறும் தலையாட்டல்தான் கிடைத்தது. அவர் கவலைப்பட்டு, உடம்பு சரியில்லையா என்று பின்னாலேயே கேட்டார். அக்கா நேராகத் தாழ்வாரத்துக்குப் போனாள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் தாம்பாள அளவுக்கு ராணியின் பிளாஸ்டர் மாதிரி உருவம் இருந்தது. கொண்டைக்குக் கீழே, பிடரியில், அடங்காமல் வளைந்து நின்றது ஒரு கற்றை. அவ்வளவு பெரிய மாதிரியில் பார்க்கும்போது அது பிசிர் இல்லை என்று யாருக்குமே தெரியும். வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை வந்து இதைப் பார்த்திருக்கலாம். தினமும் இதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போனாள்.

யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் கொடுமை. சோதனை நாணயத்துக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ராணியின் பிடரி வழவழவென்று ஒழுங்காகத்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் கதை முடிந்தது. சொன்னால் தன் மானம் போகும், போகட்டும். கூடவே அந்த இரண்டு பெண்களின் இடமும் போகும். பாலிஷ் அறைக்குப் பெண்கள் லாயக்கில்லை என்று சொல்ல ஃபோர்மேனுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நெட்டை மறுபடி மூட்டை தூக்கப் போகவேண்டும்.

அதனால் அவள் முதலில் மேனேஜரிடம் போகவில்லை. உடை மாற்றும் அறையில் அந்த இரண்டு பேரையும் நிறுத்தி வைத்து, நடந்ததை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள்.

கைராசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நெட்டை கதவைச் சாத்தினாள்.

"சொல்லாதீங்க அக்கா. ஒரு முடிதானே. யார் பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்கமாட்டாங்க."

"அப்புறம் என்ன? என் முதுகைப் பத்தி உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். அதான் உன்கிட்ட முதல்ல வந்தேன்" என்றாள் அக்கா. "உன்கிட்ட அனுமதி கேக்கல. நாளைக்கு வேற யாராவது சொல்லி நீ தெரிஞ்சுக்கக் கூடாது. நான் செஞ்சதுக்கு நீ கஷ்டப்படப் போற, அதை என் வாயாலயே கேட்டுக்கோ. அந்தச் சிற்பி கண்ணை அறுத்துக்கிட்டு ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. கட்டை அவுத்துட்டுப் பாக்கும்போது, தான் செதுக்கினது அதுல இல்லைன்னா அவர் என்ன நினைப்பாரு? என்னால முடியலம்மா."

"உங்களுக்கு நல்ல பேரு வேணும். அதுக்கு நாங்க மூட்டை தூக்கணும்" என்றாள் நெட்டை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

அந்த வார்த்தை அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் மாடிப்படி ஏறினாள். எனக்குத் தெரிந்து தைரியம் என்றால் அதுதான். திட்டுக்குப் பயப்படாமல் போவது பெரிய காரியமில்லை, நமக்கு வேண்டியவர்கள் நம்மை வெறுப்பார்கள் என்று தெரிந்தும் போகவேண்டும்.

மேனேஜர் அறையில் ஃபோர்மேனும் இருந்தார். அக்கா சுற்றி வளைக்கவில்லை. வழக்கமாக ஒரு விஷயத்துக்கு ஊரைச் சுற்றி வருகிறவள், நாலே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். மேனேஜர் முதலில் நம்பவில்லை. கீழே போய்ப் பிளாஸ்டரைப் பார்த்தார், சோதனை நாணயத்தைப் பார்த்தார், மறுபடி பிளாஸ்டரைப் பார்த்தார். அப்புறம் குதித்தார். நாளைக்கு விழா, பத்திரிகைக்காரர்கள், மந்திரி, ராணியின் மகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் கத்தினார். அக்கா தலை குனியாமல் நின்று கேட்டாள்.

ஃபோர்மேன் கத்தவில்லை. "மூல அச்சு பத்திரமா இருக்கு. அதுல இருந்து இன்னொன்னு இறக்கலாம்" என்றார். "பன்னெண்டு மணிக்குள்ள கைக்கு வந்துரும். ஆனா மூணு நாள் வேலையை ஆள் மாத்தி ஆள் உக்காந்து சாயந்தரத்துக்குள்ள பண்ணணும்."

"யாரு பண்றது?"

"இவங்கதான். அந்த முடி எங்க இருக்குன்னு இப்ப இவங்களைவிட நல்லாத் தெரிஞ்சவங்க இங்க யாரும் இல்ல."

"அந்த ரெண்டு பொண்ணுங்க விஷயம்?" என்றார் மேனேஜர்.

"விழா முடியட்டும் சார்" என்றார் ஃபோர்மேன். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. கற்பாறையே தேவலை.

மத்தியானம் புது அச்சு சூடு ஆறி வந்தது. அக்கா அதை முதலில் தேய்க்கவில்லை. லென்ஸில் அந்தக் கற்றையைக் கண்டுபிடித்து, அதன் மேல் மெழுகை ஊசி முனையால் வைத்து மூடினாள். பிறகுதான் குச்சியை எடுத்தாள். ஒருவர் கை அசந்ததும் அடுத்தவர் உட்காரவேண்டும். ஃபோர்மேன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே ஒரு முறை உட்கார்ந்தார். கைராசி அடுத்த முறை. அதற்கடுத்து ஆள் தேவைப்பட்டபோது யாரும் கூப்பிடவில்லை. நெட்டை தானாக வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எந்த இடத்துல விட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். அக்கா விரலால் காட்டினாள். பொழுது சாயும்போது ஃபோர்மேன் அச்சைச் சாய்த்துப் பார்த்து, "ம்" என்றார்.

வெள்ளிக்கிழமை பிரஸ் கூடத்தில் எள் போட்டால் விழாது. தரையைக் கழுவித் துடைத்து, எந்திரத்துக்குக்கூட ரிப்பன் கட்டியிருந்தார்கள். மந்திரி வந்தார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ராணியின் மகள் ஒரு ரிட்டயர் ஆன பல் டாக்டர். நரைத்த தலை, தட்டைச் செருப்பு, தோளில் ஒரு பெரிய பை. மந்திரி பேசும்போது அவள் எந்திரத்தையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலிஷ் அறைக்காரர்கள் சுவர் ஓரமாக நின்றார்கள்.

ராணியின் மகள் வெள்ளைக் கையுறை மாட்டி, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினாள். எந்திரம் ஒரு முறை பெருமூச்சு விட்டது. கையுறை போட்ட ஒருவர் நாணயத்தை விளிம்பில் பிடித்து எடுத்து, நீல வெல்வெட்டில் வைத்து நீட்டினார். இந்த மாதிரி நாணயத்தின் முகத்தை விரலால் தொடக்கூடாது. தொட்டால் ரேகை பதிந்துவிடும், அப்புறம் எதைப் போட்டாலும் சுத்தமாகப் போகாது. மேனேஜர் இதை அவளிடம் பணிவாகச் சொல்லித்தான் கொடுத்தார்.

அவள் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வலது கையுறையைக் கழற்றினாள். யாரும் தடுப்பதற்குள் கட்டை விரலை ராணியின் பிடரியில் வைத்து, அந்தக் கற்றையை மேலே தள்ளினாள். காதுக்குப் பின்னால் செருகிவிடுவது மாதிரி, மெதுவாக, ஒரு முறை, இன்னொரு முறை.

மேனேஜரின் கை பாதியில் நின்றுவிட்டது. நாணயம் போயிற்று. கண்ணாடி மாதிரி இருந்த இடத்தில் ஒரு முழுக் கட்டை விரல் ரேகை.

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் அவள். "ஒவ்வொரு தடவை அம்மாவை வெளியே கூட்டிட்டுப் போகும்போதும் நான்தான் இதைச் செருகிவிடுவேன். எத்தனையோ படம், சிலை பாத்துட்டேன். எல்லாத்துலயும் யாரோ ஒரு ராணிதான் இருப்பாங்க. இதுலதான் எங்க அம்மா இருக்காங்க." சுற்றிலும் பார்த்தாள். "இந்த முடியை விட்டுடாம வச்சது யாரு?"

மேனேஜர் மந்திரியைப் பார்த்தார். மந்திரி மேனேஜரைப் பார்த்தார். எங்கள் பாலிஷ் பிரிவு என்று மேனேஜர் ஆரம்பித்து, சுவர் ஓரமாகக் கையைக் காட்டி, அக்காவை முன்னால் வரச் சொன்னார். சிரித்த முகமாக ஒரு வணக்கம் போட்டுவிட்டு வந்திருந்தால் போதும். நூறு கேமராக்கள் அதற்காகத்தான் காத்திருந்தன.

"வச்சது சிற்பிங்கம்மா. அவர் ஆஸ்பத்திரியில இருக்காரு" என்றாள் அக்கா. "நான் அதை அழிச்சவ. கீறல்னு நினைச்சுத் தேய்ச்சுட்டேன். நேத்து இவங்க எல்லாரும் சேர்ந்து மறுபடி கொண்டுவந்தாங்க."

மேனேஜர் தரையில் பள்ளம் இருக்கிறதா என்று தேடினார். ராணியின் மகள் அக்காவைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். அடக்கமாட்டாத சிரிப்பு.

"அம்மாவும் ஆயுசு பூரா அதை அழிக்கத்தான் பாத்தாங்க. எண்ணெய் வச்சாங்க, ஊசி குத்தினாங்க, ஒரு தடவை வெட்டிக்கூட விட்டாங்க. அவங்களாலயே முடியல. உங்களால மட்டும் எப்படி முடியும்?" என்றாள். அந்த ரேகை பட்ட நாணயத்தையே தனக்குக் கொடுத்துவிடும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

கூட்டம் கலைந்தது. ரிப்பனை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர், ஃபோர்மேனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஆனால் எந்திரம் ஓடாத கூடத்தில் தனியாக என்பது ஏது? சுவர் ஓரமாக நின்ற மூன்று பெண்களுக்கும் எல்லாம் கேட்டது.

"நல்லபடியா முடிஞ்சது, சரி. ஆனா தப்பு தப்புதானே. பதினோரு வருஷம் வேலை பாத்தவங்களே இப்படின்னா, புதுசா ரெண்டு பேரை எதை நம்பி வச்சுக்கிறது? நீங்கதானே ஆரம்பத்துல இருந்தே வேணாம்னீங்க. எழுதிக் குடுங்க, திருப்பி அனுப்பிடலாம்."

நெட்டை கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா அவள் கையைப் பிடித்தாள். அவள் கையை உதறவில்லை.

ஃபோர்மேன் பிரஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஒரு பிசுக்கைத் துணியால் துடைத்தார்.

"முப்பத்திரெண்டு வருஷமா அந்த ரூம்ல இருக்கேன் சார்" என்றார். "இத்தனை வருஷத்துல நானோ, என்கூட வேலை பாத்தவங்களோ, அச்சை அழிச்சுட்டேன்னு ஒருத்தரும் உங்க ரூமுக்குப் படியேறி வந்ததில்ல. நாங்க யாரும் அழிச்சதில்லைன்னா நினைக்கிறீங்க? அவங்க ரெண்டு பேரும் இந்தம்மா பக்கத்துலயே இருக்கட்டும்."